லண்டன் வருகிற அம்மாவின் கைப்பையில் எதை வைப்பது, எதை விடுவது

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உப்புவெளியில் இருக்கும் உங்கள் அம்மா, 68 வயது, முதல் தடவையாக, அதுவும் தனியாக, டுபாயில் மாறி ஏறி லண்டன் வரப்போகிறார். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இன்சுலின் ஊசி போடுகிறவர். கையோடு கொண்டுபோகிற பையில் எதை வைக்கலாம், எதைப் பிடித்துவைப்பார்கள் என்று தெரியவில்லை. நான் திருகோணமலை டவுனில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். டிக்கெட்டை விட இந்தப் பையைப் பற்றித்தான் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டு அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் தூரத்தை நினைத்துப் பாருங்கள். வான் பிடித்துக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய் நீர்கொழும்புப் பக்கமாகக் கட்டுநாயக்கா சேர ஆறு மணித்தியாலம் ஆகும். அங்கே புறப்பாட்டு வாசலில் நுழையும்போதே பெரிய பெட்டி, கைப்பை எல்லாவற்றையும் ஸ்கேனரில் போட்டு எடுப்பார்கள். பிறகு பெட்டியைக் கவுன்டரில் ஒப்படைத்து, இமிகிரேஷன் முடித்து, பிளேன் ஏறுகிற கேற்றுக்குப் போகும்போது கைப்பையும் ஆளும் இன்னொரு தடவை செக்கிங். அந்த இரண்டாவது இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வது. அந்த நேரம் பெரிய பெட்டி போய்விட்டது, அதற்குள் மாற்றி வைக்க முடியாது. ஏற்றிவிட வந்தவர்களும் வெளியே, அனேகமாகக் குருநாகல் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வழி இல்லை, குப்பைத் தொட்டிக்குள்தான் போடவேண்டும். ஆகவே தீர்மானம் எல்லாம் வீட்டிலேயே, அதுவும் முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் அம்மாவின் வயதுக்காரர்கள் யுத்த காலத்தில் சென்றிகளில், அதாவது சோதனைச் சாவடிகளில், பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஆட்கள். யூனிபோர்ம் போட்ட ஒருவர் 'பையைத் திறவுங்கள்' என்றால் அவர்களுக்கு இன்றைக்கும் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு எதையாவது மூடி மறைப்பதுபோல் செய்து, கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நின்று, ஒரு நிமிஷத்தில் முடியக்கூடிய விஷயம் இருபது நிமிஷம் இழுபட்டதை நான் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: அங்கே பையைத் திறப்பது எல்லாருக்கும் நடப்பது, வெள்ளைக்காரனுக்கும் நடக்கும், அது சந்தேகம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் என்ன என்று தனக்குத் தெரிந்திருந்தால் பயப்பட எதுவும் கிடையாது.

அதற்காகத்தான் நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்கிற ஒரு விஷயம், கைப்பையைக் கொண்டுபோகிறவரே அடுக்க வேண்டும். மகனோ மருமகளோ அன்பாக அடுக்கிக் கொடுப்பார்கள், அது வேண்டாம். பக்கத்தில் இருந்து உதவி செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றும் அம்மாவின் கையால் உள்ளே போகட்டும். 'இந்தப் பையை நீங்கள்தான் அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது தந்துவிட்டார்களா' என்று கேட்கிற இடங்கள் உண்டு. அதற்கு அம்மா உண்மையாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பார்சல்கள். லண்டனுக்கு ஒருவர் போகிறார் என்று தெரிந்தால் போதும், சாம்பல்தீவில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள், 'மகளுக்கு ஒரு சின்னப் பார்சல், கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ' என்று. முகத்துக்கு நேரே மறுக்க முடியாது, எனக்கும் விளங்குகிறது. நான் டிக்கெட் போட்டு அனுப்பிய ஒரு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பால்மா டின் கொடுத்திருந்தார், வாயைச் சுற்றி செலோரேப் ஒட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று சொல்லி. ஸ்கேனரில் அந்தத் தூளுக்கு நடுவில் வளைந்து சுருண்ட ஒரு உலோகம் தெரிந்தது. 'இது என்ன' என்று கேட்டபோது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை, மிளகாய்த்தூள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். செலோரேப்பை வெட்டி, டின்னைத் தாளில் கவிழ்த்தபோது நடுவிலே ஒரு சோடி வெள்ளிக் கொலுசு, பேரப்பிள்ளைக்கு. காணாமல் போய்விடும் என்று பயந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். தூள் பறந்து பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் தும்மல், அந்த அம்மாவுக்குக் கண் எரிந்து கண்ணீர், மேசை முழுக்கச் சிவப்பு. கொலுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் பிளேன் ஏறும்வரை அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு மகள் எனக்குச் சொன்னார். அந்த டின்னில் கொலுசுக்குப் பதிலாக வேறு ஏதாவது இருந்திருந்தால்? ஆகவே பார்சல் வாங்குவதானால் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பிரிக்க விடாதவரின் பார்சல் வேண்டவே வேண்டாம். வாங்கியதும் பெரிய பெட்டிக்குள்தான் போகவேண்டும், கைப்பைக்குள் அடுத்தவர் சாமான் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

சரி, இப்போது தண்ணிச் சாமானுக்கு வருவோம், அதிகம் பறிபோவது இதில்தான். 2006 ஆகஸ்ட் 10ஆம் திகதி லண்டன் பொலிஸ் ஒரு சதியைப் பிடித்தது. குளிர்பானப் போத்தல்களுக்குள் திரவ வெடிமருந்தை நிரப்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போகிற விமானங்களுக்குள் கொண்டுபோவது திட்டம். அன்றைக்குத் தண்ணிப் போத்தலே கூடாது என்று நிறுத்தினார்கள். அந்த வருஷம் நவம்பரில் ஐரோப்பாவில் இப்போது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு வந்தது, உலகம் முழுக்கப் பரவியது: ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள், அவை எல்லாம் ஒரு லீற்றர் கொள்ளளவான, திறந்து மூடக்கூடிய, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஒரே ஒரு பொலித்தீன் பைக்குள், ஏறக்குறைய 20 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர், ஆளுக்கு ஒன்று. அந்தப் பை முட்டாமல் மூடவேண்டும்.

இதில் ஆட்கள் விடுகிற பிழை எப்போதும் ஒன்றுதான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, போத்தலில் அச்சடித்த அளவுதான் கணக்கு. 200 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய்ப் போத்தலின் அடியில் நாலு சொட்டு இருந்தாலும் அது 200 மில்லிலீற்றர் போத்தல்தான். 'முடியப்போகிறது, தலைக்கு வைக்கத்தான்' என்று மன்றாடிப் பயனில்லை. பற்பசை ரியூப்பிலும் இதே கதை, வீட்டில் பாவிக்கிற 120 கிராம் ரியூப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பாதியாக்கி வைத்திருந்தாலும் போகாது, சின்ன ரியூப் ஒன்று வாங்குங்கள்.

எது தண்ணிச் சாமான் என்பதில்தான் எங்கள் சமையலறை முழுக்க மாட்டிக்கொள்கிறது. ஊற்றினால் ஓடுவது மட்டுமல்ல, பூசினால் பூசுபடுகிறதும், அமுக்கினால் பிதுங்குகிறதும் அதுதான். எண்ணெயில் ஊறின தேசிக்காய் ஊறுகாய், மாங்காய்ச் சட்னி, கித்துள் பாணி, தேன், நல்லெண்ணெய், நெய், லேகியம், அரிஷ்டம், வாதத்துக்குப் பூசுகிற தைலம், சித்தாலேபக் களிம்பு, தலைக்கு வைக்கிற ஜெல், பவுடர் இல்லாத எல்லா அழகுச் சாமானும். சித்தாலேப சின்ன டப்பி பிரச்சினை இல்லை, அந்தப் பொலித்தீன் பைக்குள் போட்டால் சரி. மற்றதெல்லாம் பெரிய பெட்டிக்கு, நெய் மட்டும் அதற்குள்ளும் வேண்டாம். கந்தளாய்ப் பக்கம் றோட்டோரத்தில் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருக்கிற எருமைத் தயிரைக் கண்டவுடன் வானை நிறுத்தச் சொல்லி, 'பேரப்பிள்ளைகளுக்கு' என்று ஒரு சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயிர் கைப்பையில் போகவே போகாது, பெட்டியில் போனாலும் பிரித்தானியா உள்ளே விடாது, அதை அடியில் சொல்கிறேன். தயிர் தின்ன வேண்டுமென்றால் வானுக்குள் இருந்தே தின்றுவிட்டுப் போகலாம்.

தீர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டியது. கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்து, ஒரு சோடாப் போத்தலில் தீர்த்தம் நிரப்பிக் கையில் வைத்திருப்பார்கள், அதைத் தொட்டிக்குள் போடச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? அது போடவேண்டிய சாமானா? அதனால் முன்கூட்டியே பார்மசியில் ஒரு 50 மில்லிலீற்றர் வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல் வாங்கி, அளவு அச்சடித்ததாகப் பார்த்து வாங்கி, அதில் எடுத்துப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். அவ்வளவு போதும், பூசை அறையில் தெளிக்க. விபூதி, குங்குமம், சந்தனக் கட்டி எல்லாம் ஒரு சிறு பொட்டலமாகக் கைப்பையிலேயே போகலாம், குழைத்த சந்தனம் மட்டும் தண்ணிக் கணக்கு. தூள் சாமானுக்கு அமெரிக்கா போகிற விமானங்களில் 2018 ஜூன் 30 முதல் ஒரு அளவு இருக்கிறது, 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூளைக் கைப்பையில் வைத்தால் கூடுதலாகச் சோதிப்பார்கள், திருப்தி இல்லாவிட்டால் விடமாட்டார்கள். உங்கள் அம்மா லண்டன் என்பதால் அந்தக் கணக்கு இல்லை, ஆனாலும் கிலோக்கணக்கான தூள் பெட்டிக்குத்தான் நல்லது.

இன்னொரு குழப்பம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. 'இப்பவெல்லாம் 2 லீற்றர் விடுறாங்கள்' என்று யாராவது சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பையை எல்லாப் பக்கத்தாலும் வெட்டி வெட்டிப் பார்ப்பதுபோல் படமெடுக்கிற புது ஸ்கேனர் பூட்டிய சில விமான நிலையங்கள், எடின்பரோவும் பேர்மிங்ஹாமும் 2025 ஜூலையில் இருந்து, 2 லீற்றர் வரைக்கும் விடுகின்றன. ஆனால் அது அங்கிருந்து ஏறுகிறவர்களுக்கு. அம்மா ஏறுவது கட்டுநாயக்காவில், மாறுவது டுபாயில். போய்ச் சேருகிற ஊரின் சலுகை புறப்படுகிற ஊரில் செல்லாது. 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், கேட்குமுன் எடுத்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் பாலுக்கும் அப்படித்தான். உண்மையில் இன்சுலின் பேனாவுக்குள் இருப்பது 3 மில்லிலீற்றர்தான், குப்பி என்றால் 10, இரண்டும் 100க்குள்ளேயே அடங்கிவிடும். அது பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான். பெட்டி வைக்கிற பகுதியில் குளிர் கூடினால் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலினைப் பிறகு போட்டுப் பயனில்லை. பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தால் அந்த ஒரு நாள் ஊசிக்கு எங்கே போவது? ஊசி முனைகளும் மருந்தோடு சேர்ந்தே இருக்கட்டும், தனியாக வேறு பையில் கிடந்தால்தான் கேள்வி வரும். பெரியாஸ்பத்திரியில் கிளினிக் போகிறவர் என்றால் கிளினிக் கொப்பி இருக்கும், அதோடு டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: பெயர் பாஸ்போட்டில் உள்ளபடியே, என்ன வருத்தம், என்ன மருந்து, ஊசி போடுகிறவர். நாலு வரி போதும். குளிசைகளை உறையிலிருந்து பிய்த்துக் கலந்து ஒரு டப்பிக்குள் போடாதீர்கள், எங்கள் அம்மாக்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. பேர் அச்சடித்த அட்டையோடேயே இருக்கட்டும். சீனி இறங்கினால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள், ஜூஸ் போத்தல் செக்கிங்கில் போய்விடும், குளுக்கோஸ் பிஸ்கட்டும் நாலு டொஃபியும் கையெட்டும் இடத்தில் வையுங்கள், அதற்குத் தடையே கிடையாது.

கட்டியான சாப்பாடு கைப்பையில் போகலாம்: பருத்தித்துறை வடை, முறுக்கு, பயற்றம் பணியாரம், பனங்கட்டி, ஒடியல். ஆனால் ஸ்கேனருக்கு முன்னால் இருக்கிறவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்தால் எப்படி அடுக்குவது என்று உங்களுக்கே விளங்கும். அந்தத் திரையில் உலோகம் நீலமாகத் தெரியும், சாப்பாடு, துணி, தாள் மாதிரியான சாமான் செம்மஞ்சளாக, இடைப்பட்டது பச்சையாக. சிக்கல் என்னவென்றால் வெடிமருந்தும் அதே செம்மஞ்சள்தான். ஒரு கிலோப் புளியை உருண்டையாக அமுக்கிக் கட்டி, அல்லது தொதலைப் பாளமாக வெட்டிச் சுற்றி, அதற்கு மேலே சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்தால், திரையில் தெரிவது அடர்த்தியான ஒரு செம்மஞ்சள் கட்டியும் அதிலிருந்து போகிற வயரும். அவர் நிறுத்தாமல் வேறு என்ன செய்வார்? ஆகவே அடர்த்தியான கட்டிச் சாப்பாடு பெரிய பெட்டிக்கு, வயர்கள் ஒரு சின்னப் பைக்குள் தனியாக. தொதல், மஸ்கட் இரண்டையும் கட்டி என்பதா ஜெல் என்பதா என்று அங்கே நின்று வாதாட முடியாது, அதையும் பெட்டிக்கே அனுப்புங்கள். இடியப்ப உரலும் அப்படித்தான். கைப்பையில் போனால் திரையில் ஒரு குழாய்!

கூரான சாமானுக்குக் கத்தி, கத்தரிக்கோல், சவர பிளேட், ஸ்குரூட்ரைவர் என்று எல்லாருக்கும் தெரியும், தேங்காய் துருவுகிற திருவலையைக் கைப்பையில் யாரும் வைக்கப்போவதில்லை. மறந்துபோவது வெற்றிலைப் பெட்டி. என் பெரியம்மாவின் பாக்குவெட்டி பித்தளைப் பிடி, கிளியின் தலை மாதிரிச் செதுக்கியது, அவவின் அம்மா சீதனத்தோடு கொண்டுவந்தது. தினமும் பத்துத் தடவை கையில் எடுக்கிற சாமான், அது ஒரு ஆயுதம் என்று அவவுக்கு எப்படித் தோன்றும்? மகனைப் பார்க்கப் போகிறபோது ஒரு விமான நிலையத்தில் கேற்றுக்கு முன்னால் பிடித்தார்கள். பெட்டி போய்விட்டது, நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். தொட்டிக்குள் போடச் சொன்னபோது போட மனமில்லாமல், தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாவாம். விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை, வெட்டுகிற அலகு உள்ள சாமானை விடமாட்டார்கள்தான். ஆனால் முதல் நாள் இரவு யாராவது ஒருவர் அந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அது பெரிய பெட்டிக்குள் போயிருக்கும், இன்றைக்கும் வீட்டில் இருந்திருக்கும். அந்த ஒருவர் நானாக இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் சுண்ணாம்பு டப்பி பொலித்தீன் பைக்கு, பாக்குவெட்டி பெட்டிக்கு, சீவிய பாக்குக் கைப்பைக்கு. சேலைக்குக் குத்துகிற ஊசிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எரிகிற சாமான்களில் இரண்டு எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வருகிற சிக்கல். ஒன்று கற்பூரம். லண்டனில் கிடைக்காததுபோல் பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பார்கள். விமானச் சரக்கு விதிகளில் கற்பூரம் எரியும் திண்மப் பொருள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. இரண்டாவது கொப்பரா. காய்ந்த தேங்காய் எண்ணெய்ப் பிடிப்போடு அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் அது ஆபத்தான சரக்கு வரிசையில் 1363 என்ற இலக்கத்தோடு இருக்கிறது. எண்ணெய்க்கு என்றோ மருந்துக்கு என்றோ கொப்பரா கொண்டுபோக வேண்டாம். தீப்பெட்டி, லைட்டர், பூவாணம், நுளம்பு ஸ்பிறே எல்லாவற்றையும் வீட்டிலேயே விடுங்கள்.

பவர் பாங்க் இதற்கு நேர்மாறு, பெட்டிக்குள் கூடவே கூடாது, கைப்பையில் மட்டும். காரணம் லிதியம் பற்றரி. உள்ளே பழுதாகிச் சூடேறத் தொடங்கினால் அது தன்னையே மேலும் மேலும் சூடாக்கிக்கொண்டு எரியும், கண்ணுக்கெட்டும் இடத்தில் என்றால் பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றி அடக்குவார்கள், பெட்டி வைக்கிற இடத்தில் யார் பார்ப்பது? தென்கொரியாவின் பூசானில் 2025 ஜனவரியில் புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது, பவர் பாங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பிறகு எல்லாரும் இறுக்கிவிட்டார்கள். அளவு 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். பவர் பாங்கில் எழுதியிருக்கிற மில்லி-அம்பியர்-மணி (mAh) கணக்கை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும்: 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74, இரண்டும் சரி. 30,000 என்றால் 111, அதற்கு விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், தேவையில்லாத வேலை. அளவு அழிந்துபோனதைக் கொண்டுபோகாதீர்கள், வாசிக்க முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். அம்மா எமிரேட்ஸில் வருவதானால் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், 100 வாட்-மணிக்குள், உள்ளே அதில் போன் சார்ஜ் போடவும் கூடாது, மேலே தட்டில் வைக்கவும் கூடாது, முன்சீற்றுப் பையில் அல்லது சீற்றுக்கு அடியில் வைக்க வேண்டும். போனை முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறினால் பவர் பாங்க் இல்லாமலேயே போகலாம்.

சுங்கமும் செக்கிங்கும் வேறு வேறு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். செக்கிங்கில் விட்டார்கள் என்பதற்காக லண்டனில் விடுவார்கள் என்றில்லை. இலங்கையில் இருந்து இறைச்சியும் பாற்பொருளும் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோக முடியாது, நெய்யும் அந்தத் தயிரும் அதற்குள் வரும். மீனுக்கு 20 கிலோ வரை இடம் உண்டு, ஆகவே கருவாடும் மாசிக் கருவாடும் தாராளமாகப் போகலாம், ஆனால் பெட்டிக்குள், மூன்று சுற்றுப் பொலித்தீன் சுற்றி. கைப்பையில் கருவாடு வைத்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பாவம்.

ஆளைச் சோதிக்கிற இடத்தில் அம்மா என்ன செய்வார் என்றும் சொல்லிவிடுகிறேன். செருப்பு, பெல்ட், போன், கைக்கடிகாரம் தட்டில். வளையலும் தாலிக்கொடியும் சத்தம் போடலாம், தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, கையால் தொட்டுக் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள். தேவைப்பட்டால் பெண் அதிகாரியைக் கொண்டு தனியறையில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் பிழையில்லை. முழங்காலில் உலோகம் வைத்திருந்தால், அல்லது நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால், வாசலுக்குள் போகுமுன்னே சொல்லவேண்டும். நகையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், போட்டுக்கொண்டோ கைப்பையிலோ. இங்கிலீஷ் வராது என்று அம்மா பயந்தால் டிக்கெட்டில் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதியச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் என்று கூச்சப்படுகிறார்கள், வயது போனவர் டுபாய் மாதிரிப் பெரிய இடத்தில் தனியாக அலையாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

டுபாயில் இன்னொரு தடவை கைப்பை ஸ்கேனரில் போகும். கட்டுநாயக்காவில் செக்கிங் தாண்டி வாங்கிய தண்ணிப் போத்தலை அதற்குள் குடித்து முடித்துவிட வேண்டும். டியூட்டி ஃப்ரீயில் வாசனைப் போத்தல் வாங்கினால் அதை சீல் வைத்த பைக்குள் ரசீதோடு தருவார்கள், லண்டன் வீட்டுக்குப் போகும்வரை அதைப் பிரிக்கக்கூடாது, இடையில் பிரித்தால் 100 மில்லிலீற்றர் கணக்குத் திரும்ப வந்துவிடும். வெற்றுப் போத்தல் ஒன்று கைப்பையில் இருந்தால் நல்லது, வெற்றுப் போத்தலை யாரும் பறிப்பதில்லை, செக்கிங் தாண்டி நிரப்பிக்கொள்ளலாம்.

அடுக்குகிற ஒழுங்கு இப்படி இருக்கட்டும். பை 7 கிலோவுக்குள், சாதாரண டிக்கெட்டுக்கு அதுதான் அனேக கம்பனிகளின் அளவு. அடியில் ஒரு மாற்றுச் சேலை, உள்ளுடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, அதற்குமேல் பலகாரம் உள்ளே தெரிகிற பையில். அதற்குமேல் மருந்தும் டொக்டர் கடிதமும் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே, சிப்பைத் திறந்ததும் கையில் படுகிற இடத்தில், அந்தச் சிறிய பொலித்தீன் பை. பாஸ்போட், போர்டிங் பாஸ், உங்கள் விலாசமும் போன் இலக்கமும் எழுதிய தாள் எல்லாம் இந்தப் பைக்குள் வேண்டாம், தோளில் குறுக்காகப் போடுகிற ஒரு துணிப்பையில். அடுக்குமுன் பையின் பக்கத்துப் பொக்கற்றுகளை எல்லாம் கவிழ்த்து உதறச் சொல்லுங்கள், பழைய பையில் எப்போதோ கோயிலுக்குக் கொண்டுபோன தீப்பெட்டியும் நகவெட்டியும் கிடக்கும்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் வீடியோ கோல் எடுங்கள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது என்ன என்று உங்களுக்குச் சொல்லட்டும், பிறகு தானே திரும்ப அடுக்கட்டும். இரண்டு தடவை செய்தால் போதும், அங்கே போய் நிற்கும்போது கை தானாகச் செய்யும். பையின் சிப் இறுகிக் கிடந்தால் அதன் பல்லில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், வயது போன விரல்களுக்கு அது சுகமாக இருக்கும்.